ரஸ்ட் கம்பைலர் ஏன் மறுக்கிறது? குளோன் போட்டுத் தப்பிப்பது தவறா?

நீங்கள் வொயிட்ஃபீல்டில் குடியிருக்கும் அடுக்ககத்தின் தண்ணீர் டேங்கர் கணக்கைப் போடுவதற்காக ரஸ்ட் மொழியில் ஒரு நிரல் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். ஜாவாவில் ஐந்தாண்டு அனுபவம் உண்டு, ரஸ்ட் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, எதை எழுதினாலும் கம்பைலர் (நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) மறுக்கிறது, மறுக்கும் இடத்திலெல்லாம் குளோன், அதாவது நகல், என்று சேர்த்தால் ஓடிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்படிச் செய்வது தவறா, ஒரே த்ரெட்டில் (ஒரே செயல் ஓட்டத்தில்) ஓடும் சிறு நிரலுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு, ஆயுளைக் குறிக்கும் லைஃப்டைம் குறிகளை எப்போது படிப்பது, சி மொழி தெரியாமல் இதைக் கற்க முடியுமா, பெங்களூரில் இதற்கு வேலை இருக்கிறதா என்று ஐந்து கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்தையும் ஒருசேரப் படித்தபோது அவற்றுக்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. இத்தனை ஆண்டு நிரல் எழுதிய எனக்கு இது ஏன் கைவரவில்லை, குறை என்னிடமா மொழியிடமா என்பதே அது. அதற்கு முதலில் பதில் சொன்னால் மற்றவற்றில் பாதி தானாகத் தெளிந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நெட்வொர்க் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளைப் பதினெட்டு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சி, சி++ மொழிகளில் கழிந்தன, அதன்பின் பெரும்பாலும் ரஸ்ட். அல்சூரில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். வலைச் சேவைகளிலோ விளையாட்டு மென்பொருளிலோ நான் வேலை செய்ததில்லை, ஆகவே அங்குள்ள வழக்கங்கள் நான் சொல்வதிலிருந்து வேறுபடலாம். மொழியின் விதி எது, என் அபிப்பிராயம் எது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

குறை உங்களிடம் இல்லை. ஜாவா உங்களிடம் ஒருபோதும் கேட்காத ஒரு கேள்வியை ரஸ்ட் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது. நினைவகத்தில் இருக்கும் இந்தத் தரவுக்கு யார் பொறுப்பு, யார் கையில் இருக்கும்போது இது அழிக்கப்பட வேண்டும் என்பது அந்தக் கேள்வி. ஜாவாவில் ஒரு பொருளை உருவாக்கிப் பத்துப் பேரிடம் அதன் முகவரியைக் கொடுத்துவிட்டு நீங்கள் மறந்துவிடலாம். கடைசி ஆள் விட்ட பிறகு குப்பை சேகரிப்பான் வந்து எடுத்துக்கொண்டு போகும். ரஸ்டில் அந்தச் சேகரிப்பான் கிடையாது. ஒவ்வொரு தரவுக்கும் ஓர் உடைமையாளர் மட்டுமே உண்டு, அந்த உடைமையாளரின் ஆயுள் முடியும் இடத்தில் தரவும் போய்விடும். இந்த விதியை மனத்தில் வாங்காமல் ஜாவா நிரலை ரஸ்டின் இலக்கணத்தில் எழுதினால் கம்பைலர் மறுக்கத்தான் செய்யும். நல்ல அனுபவம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பது என் வகுப்பில் நான் பார்த்தது. அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு வடிவம் பழகியிருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு வசதி செய்துகொடுக்கிறது. தரவைக் கைமாற்றாமல் பயன்படுத்தக் கொடுப்பதை ரஸ்ட் பாரோ என்கிறது, அதைக் கடன் என்று பலர் மொழிபெயர்க்கிறார்கள், அதனால் குழப்பம் கூடுகிறது. கடனாக வாங்கிய ஐந்நூறு ரூபாய்த் தாளை நாம் அப்படியே திருப்பித் தருவதில்லை, வேறொரு ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த இட்லிப் பானை அப்படியல்ல, அதே பானை திரும்பிப் போக வேண்டும். அதற்கு நம்மிடம் இரவல் என்ற தனிச் சொல்லே இருக்கிறது. ரஸ்டின் பாரோ என்பது இரவல்தான். ஒரு தரவை ஒரு ஃபங்ஷனிடம் (நிரலுக்குள் ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) நேரடியாகக் கொடுத்தால் அது கைமாறிவிடுகிறது, அதன்பின் பழைய பெயரைச் சொல்லி அதைத் தொட்டால் ஈ0382 என்ற பிழை வரும். இரவலாகக் கொடுத்தால் வேலை முடிந்ததும் திரும்பிவிடும். நகல் எடுத்துக் கொடுத்தால் இரண்டு தனித்தனிப் பொருள்கள் ஆகிவிடும், அதுதான் குளோன். கைமாறுதல், இரவல், நகல் என்ற மூன்றில் எது நடக்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எண்களும் மெய்-பொய் மதிப்புகளும் கைமாறாமல் தாமாகவே நகலாகும். ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), வெக்டர் (வளரக்கூடிய பட்டியல்) போன்றவை கைமாறும்.

இரவலிலும் இரண்டு வகை உண்டு. பார்ப்பதற்கு மட்டும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வாங்கலாம். திருத்துவதற்கு வாங்கினால் ஒருவர் மட்டுமே, அந்த நேரத்தில் வேறு எவரும் பார்க்கவும் கூடாது. இதைத்தான் ஒரே த்ரெட் உள்ள நிரலுக்கு எதற்கு என்று கேட்கிறீர்கள். நான் இதுவரை கேட்ட ஆரம்பநிலைக் கேள்விகளில் மிக நல்ல கேள்வி இதுதான், ஏனெனில் பல பாடங்கள் இந்த விதியைத் த்ரெட்டுகளோடு மட்டும் தொடர்புபடுத்திவிட்டுக் கடந்துவிடுகின்றன.

உங்கள் நிரலையே எடுத்துக்கொள்வோம். வீடுகள் ஒரு வெக்டரில் இருக்கின்றன. முதல் வீட்டுக்கு ஒரு ரெஃபரன்ஸ், அதாவது இரவலாகப் பெற்ற முகவரி, எடுத்து வைத்துக்கொண்டு, அதே வெக்டரில் புதிதாக ஒரு வீட்டைச் சேர்த்துவிட்டு, பிறகு பழைய ரெஃபரன்ஸ் வழியாக முதல் வீட்டின் பாக்கியை அச்சிடுகிறீர்கள். கம்பைலர் ஈ0502 என்று மறுக்கிறது. காரணம் இது. வெக்டர் தன் உறுப்புகளை ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகப் பகுதி) ஒரே நீளமான இடத்தில் அடுக்கி வைக்கிறது. அந்த இடம் நிரம்பிவிட்டால், பெரியதொரு இடத்தைப் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடும். இன்றைய நடைமுறையில் உங்கள் வீடு போன்ற அளவுள்ள உறுப்புகளுக்கு முதலில் நான்கு இடம், நிரம்பினால் எட்டு, பிறகு பதினாறு என்று அது வளர்கிறது. இந்த எண்களுக்கு மொழி உத்தரவாதம் தரவில்லை, நாளை மாறலாம். ஆனால் இடம் மாறக்கூடும் என்பது நிச்சயம். மாறிய பிறகு உங்கள் கையில் இருக்கும் ரெஃபரன்ஸ், வாடகை வீடு மாறிய பின்னும் பழைய முகவரிக்கே போய் நிற்கும் கொரியர் பையனைப் போன்றது. அங்கே பூட்டு தொங்கலாம், அல்லது வேறு யாராவது குடிவந்து உங்கள் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளலாம். இதற்கு இரண்டாவது த்ரெட் எதுவும் தேவைப்படவில்லை.

ஜாவாவில் இதே சிக்கல் வேறு முகத்தோடு உங்களைச் சந்தித்திருக்கும். ஒரு பட்டியலைச் சுற்றிவரும் லூப்புக்குள்ளேயே அதில் உறுப்பைச் சேர்த்தால் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். பெயரில் கன்கரன்ட் (ஒரே நேரத்தில்) என்று இருந்தாலும் ஒரே த்ரெட்டில் வருவதுதான் வழக்கம். ஜாவாவில் பட்டியலுக்குள் இருப்பது பொருளின் முகவரி மட்டும் என்பதால் நினைவகம் கெடாது, நிரல் ஓடும்போது எக்ஸெப்ஷனோடு நின்றுவிடும். சி++ மொழியில் நிரல் நிற்கும் என்று உறுதி கிடையாது. தவறான இடத்தைப் படித்துக்கொண்டு நிரல் தொடர்ந்து ஓடக்கூடும். ரஸ்ட் இதைக் கம்பைல் செய்யும் நேரத்துக்கே முன்னகர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

அது தொடர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்பதை என் கைப்பட அனுபவித்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், சி மொழியில் நான் எழுதிய ஒரு பகுதி, விடுவிக்கப்பட்ட இணைப்புப் பதிவு ஒன்றை ஒரே ஓர் அரிய பாதையில் மறுபடி தொட்டுவிட்டது. சோதனைக் கூடத்தில் நான்கு நாள் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. வாடிக்கையாளர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை கருவி தானாக மறுதொடக்கம் ஆனது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. நாங்கள் ஹார்டுவேரைச் சந்தேகப்பட்டோம், மின் இணைப்பைச் சந்தேகப்பட்டோம், மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பதிவு அகப்பட்டது. திருத்தம் இரண்டே வரி. மைக்ரோசாஃப்ட் தன் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த நினைவகக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 2019இல் சொன்னது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் குழு 2020இல் தன் தீவிரமான பாதுகாப்புக் குறைகளுக்கும் ஏறத்தாழ அதே விகிதத்தைச் சொன்னது. சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட மிகப் பெரிய நிரல்களின் கணக்கு இது. உங்கள் டேங்கர் கணக்குக்கு இந்த எண்கள் பொருந்தா என்றாலும், மொழியை இப்படி அமைத்தவர்கள் எந்த நோயைப் பார்த்து அமைத்தார்கள் என்பது விளங்கும்.

இதற்காகக் கம்பைலர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவரவில்லை. தவறான நிரலை விடக்கூடாது என்பதில் அது உறுதியாக இருப்பதால், முற்றிலும் சரியான நிரல்கள் சிலவற்றையும் அது மறுக்கிறது. 2018 டிசம்பரில் வந்த 1.31 பதிப்புக்கு முன்பு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஓர் இரவல் கடைசியாகப் பயன்பட்ட வரியோடு முடியாமல் அடைப்புக்குறி மூடும் வரை நீடித்தது. இன்றும் எஞ்சியிருக்கும் ஒன்றை உங்கள் நிரலிலேயே காண்கிறேன். வீடுகளைத் திருத்துவதற்காகச் சுற்றிவரும் லூப்புக்குள் லிட்டருக்கான கட்டணத்தைத் தரும் மெத்தடை (ஒரு கட்டமைப்போடு இணைந்த ஃபங்ஷன்) அழைக்கிறீர்கள். கட்டணம் வேறு, வீடுகள் வேறு, இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் கம்பைலர் ஒரு மெத்தடின் உடலைத் திறந்து பார்க்காமல், அதன் முதல் வரியில் அறிவிக்கப்பட்டிருப்பதை மட்டுமே நம்புகிறது. அந்த வரி முழுக் கட்டமைப்பையும் இரவல் கேட்கிறது, அதன் ஒரு பகுதியோ ஏற்கெனவே திருத்துவதற்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மெத்தடுக்குப் பதிலாக அந்தப் புலத்தையே நேரடியாகப் படித்தால் கம்பைல் ஆகும். அல்லது லூப்புக்கு முன்பே கட்டணத்தை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அது வெறும் எண் என்பதால் நகலாகிவிடும். இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் தர்க்கம் சரி, கம்பைலரின் பார்வைதான் குறுகியது என்று தெரிந்துகொண்டு சுற்றிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்கு உண்மையில் தொல்லை தருவது வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வீடும் தன் பிளாக்கின் ரெஃபரன்ஸை வைத்திருக்கிறது, ஒவ்வொரு பிளாக்கும் தன் வீடுகளின் பட்டியலை வைத்திருக்கிறது, ஒவ்வொரு டேங்கர் பதிவும் தண்ணீர் இறங்கிய பிளாக்கைச் சுட்டுகிறது. ஜாவாவில் இது இயல்பான வடிவம். ரஸ்டில் இந்த வடிவத்தைக் கேட்டவுடன் யாருக்கு யார் உடைமையாளர் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் போகிறது, நீங்கள் ஆர்சி (ஒரே தரவைப் பலர் பங்கிட உதவும் உறை), ரெஃப்செல் (இரவல் விதியை ஓடும்போது சரிபார்க்கும் உறை) என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு போகிறீர்கள். அந்தப் போர்வைகள் தவறானவை அல்ல, ஆனால் அவற்றோடு பழக இது சரியான தருணம் அல்ல. நம் அசோசியேஷன் செயலாளர்கள் காகிதப் பதிவேட்டில் எப்படி எழுதினார்களோ அப்படியே செய்யுங்கள். வீடுகளுக்கு ஒரு வெக்டர், பிளாக்குகளுக்கு ஒரு வெக்டர், டேங்கர் பதிவுகளுக்கு ஒரு வெக்டர், மூன்றுக்கும் மேலே எல்லாவற்றையும் உடைமையாக வைத்திருக்கும் ஒரு பதிவேடு. வீட்டுக்குள் பிளாக்கின் ரெஃபரன்ஸ் வேண்டாம், பிளாக்கின் வரிசை எண் போதும். பிளாக் வேண்டும்போது அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் தேடிக்கொள்ளலாம். இதைச் செய்தவுடன் உங்கள் பிழைச் செய்திகளில் பெரும்பகுதி மறைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். இதற்கு ஒரு விலையும் உண்டு. நடுவிலிருந்து ஒரு வீட்டை நீக்கினால் பின்னால் உள்ள எண்களெல்லாம் நகர்ந்துவிடும், பழைய எண் வேறு வீட்டைக் காட்டும், கம்பைலர் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே நீக்காமல், காலியாக உள்ளது என்று ஒரு குறி மட்டும் வைத்துவிடுங்கள்.

இனி குளோன். அது ஏமாற்றுவேலை அல்ல, ஆனால் எல்லாக் குளோனும் ஒன்றும் அல்ல. ஒரு சிறிய பெயரை நகலெடுப்பது நானோ நொடிக் கணக்கில் முடியும், நீங்கள் அடுத்த வரியில் செய்யும் கோப்புப் படிப்பு அதைவிடப் பன்மடங்கு நேரம் எடுக்கும். 84 வீடுகள் கொண்ட கணக்கில் நூறு குளோன் இருந்தாலும் அதன் சுமையை உங்களால் உணர முடியாது. பத்து லட்சம் பெயர்கள் கொண்ட வெக்டரை லூப்புக்குள் வைத்துக் குளோன் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் பத்து லட்சம் தனித்தனி நினைவக ஒதுக்கீடுகள் நடக்கும், அது வேறு கதை. ஆர்சி மீது செய்யும் குளோனோ உள்ளிருக்கும் தரவைத் தொடுவதே இல்லை, ஓர் எண்ணிக்கையை ஒன்று கூட்டுவதோடு சரி. வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது பொருள் மாறிப்போவது. வீட்டைக் குளோன் செய்து அந்த நகலில் பாக்கியைக் கூட்டிவிட்டால் மூல வீட்டில் பாக்கி அப்படியே இருக்கும். நிரல் ஓடும், கம்பைலர் வாய் திறக்காது, மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். எனவே முதல் மூன்று மாதம் படிப்பதற்காகத் தாராளமாகக் குளோன் செய்யுங்கள், திருத்துவதற்காக ஒருபோதும் செய்யாதீர்கள் என்பதே என் வகுப்பில் நான் வைத்திருக்கும் விதி. இது என் விதி, மொழியின் விதி அல்ல. வேகத்தை அளப்பதாக இருந்தால் ரஸ்டின் கார்கோ கட்டளையோடு, வேகத்துக்காக மெருகேற்றும் ரிலீஸ் என்ற தெரிவையும் சேர்த்து அளவிடுங்கள். அது இல்லாமல் ஓட்டிவிட்டு ரஸ்ட் பைத்தானைவிட மெதுவாக இருக்கிறதே என்று வருத்தப்பட்டவர்கள் என் வகுப்பில் இருவர் உண்டு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் கேட்பீர்கள் என்பதால் ஸ்ட்ரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் நிரல் குடியிருப்போர் பெயரைத் தமிழிலும் அச்சிடுகிறது. ரஸ்டின் ஸ்ட்ரிங் எப்போதும் யூடிஎஃப்-8 குறிமுறையில்தான் இருக்கும், அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். தமிழ் என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று பதில் வரும். கேர் (யூனிகோட் குறி) என்ற வகையில் எண்ணினால் 5 வரும், ஏனெனில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். நாம் பள்ளியில் எண்ணியபடி எண்ணினால் மூன்று எழுத்து. இந்த மூன்று விடைகளும் சரியானவை, கேள்விகள்தான் வேறு. முதல் ஆறு பைட்டை வெட்டி எடுத்தால் தம என்று வரும், இகரக் குறி போய்விடும். முதல் நான்கு பைட்டை வெட்ட முயன்றால் ஒரு குறியின் நடுவில் கத்தி விழுவதால் நிரல் பேனிக் ஆகி நின்றுவிடும். மூன்றாவது எழுத்தை எண்ணைக் கொடுத்து எடுக்க மொழி ஏன் அனுமதிப்பதில்லை என்று ஆங்கிலத்தில் மட்டும் நிரல் எழுதுபவர்கள் எரிச்சலடைவார்கள், நமக்கு அந்தக் காரணம் முதல் நாளே புரியும். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதி அடிப்படை நூலகத்தில் இல்லை, யூனிகோட் செக்மென்டேஷன் என்ற தனித் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லைஃப்டைம் குறிகளைப் பற்றி ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறியை எழுதுவதால் எந்தத் தரவின் ஆயுளும் ஒரு கணம்கூட நீள்வதில்லை. இரண்டு ரெஃபரன்ஸ்களை வாங்கி ஒன்றைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் இருந்தால், திரும்பி வருவது எதைச் சார்ந்தது என்று கம்பைலரால் ஊகிக்க முடியாது, அதை நீங்கள் அறிவிக்கிறீர்கள். ஒன்றை மட்டும் வாங்கும் ஃபங்ஷனில் ஊகித்துக்கொள்ளும், அதனால்தான் பெரும்பாலான இடங்களில் குறியே தேவைப்படுவதில்லை. ஸ்ட்ரக்டுக்குள் (பல புலங்களைச் சேர்த்த கட்டமைப்பு) ரெஃபரன்ஸ் வைக்க வேண்டிய தேவை உங்களுக்கு இப்போது கிடையாது, உடைமையான ஸ்ட்ரிங்கையே வையுங்கள். இரவல் கொடுத்த தரவு முன்கூட்டியே அழிகிறது என்னும் ஈ0597 பிழை வரும்போது ஸ்டாட்டிக் (நிரல் முடியும் வரை) என்று சேர்த்துப் பார்க்கும் ஆசை வரும். அது பெரும்பாலும் பிழையை அடுத்த ஃபங்ஷனுக்குத் தள்ளிவிடும், அங்கே அதன் காரணம் இன்னும் மங்கலாகத் தெரியும். ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது வேறு வேலையைப் பார்க்கும் அசிங்க் முறையை இந்த ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்டால்கூட நஷ்டமில்லை.

ரஸ்டில் கம்பைல் ஆகிவிட்டால் சரியாகத்தான் ஓடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். கம்பைலரால் சரிபார்க்க முடியாத செயல்களை அனுமதிக்கும் அன்சேஃப் என்ற சொல் எங்கும் இல்லாத நிரலில் விடுவித்த நினைவகத்தைத் தொடுவதும், இரு த்ரெட்டுகள் ஒழுங்கின்றி ஒரே இடத்தில் எழுதுவதும் நடக்காது என்பது வாக்குறுதி. நினைவகம் கசியாது என்பது அந்த வாக்குறுதியில் இல்லை, ஆர்சி இரண்டு ஒன்றையொன்று சுட்டினால் இரண்டுமே விடுபடாமல் கிடக்கும். டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு இரண்டுமே நின்றுபோவது) வராது என்றும் யாரும் சொல்லவில்லை. உங்கள் நிரலில் ஒரு நாளின் மொத்த லிட்டரை 16 பிட் எண்ணில் வைத்திருக்கிறீர்கள். அதில் அடங்கும் உச்ச அளவு 65,535. உங்கள் அடுக்ககத்துக்கு 12,000 லிட்டர் டேங்கர் ஒரே நாளில் ஆறு வந்தால் 72,000 ஆகிவிடும். சாதாரணமாகக் கம்பைல் செய்தால் அந்தக் கூட்டலில் நிரல் பேனிக் ஆகி நிற்கும், ரிலீஸ் முறையில் கம்பைல் செய்தால் 6,464 லிட்டர் என்று அமைதியாக எழுதிவைக்கும். கோடை வந்த பிறகு தெரியவேண்டாம், இப்போதே 32 பிட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பிழை வராது என்று நம்பி மதிப்பை எடுத்து, வந்தால் நிரலையே நிறுத்திவிடும் அன்ராப் பற்றியும் இதே தொனியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கற்கும்போது எழுதலாம், சோதனை நிரலில் எழுதலாம், வெளியிலிருந்து வரும் கோப்பின் மேல் எழுதாதீர்கள். 2025 நவம்பர் 18 அன்று பல வலைத்தளங்களுக்கு இடையில் நின்று இயங்கும் கிளவுட்ஃபிளேர் சேவை உலகெங்கும் முடங்கியதற்குப் பின்னால், எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகிவிட்ட ஓர் அமைப்புக் கோப்பும் அதைப் படித்த ரஸ்ட் நிரலில் இருந்த ஓர் அன்ராப்பும் இருந்தன என்று அந்நிறுவனமே விளக்கம் வெளியிட்டது. மொழி அங்கே தன் விதிப்படிதான் நடந்துகொண்டது. பிழை வராது என்று எழுதியவர் சொன்னார், வந்தபோது நிரல் நின்றது. கேள்விக்குறியால் பிழையை அழைத்த ஃபங்ஷனுக்கே மேலே அனுப்பும் பழக்கத்தை இப்போதே கைக்கொள்ளுங்கள்.

சி முதலில் கற்க வேண்டுமா என்பதில் அனுபவசாலிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. தேவையில்லை என்பது என் எண்ணம். ஸ்டாக் எது, ஹீப் எது, முகவரி என்றால் என்ன, ஒரு வெக்டர் நினைவகத்தில் எப்படிக் கிடக்கிறது என்பவற்றைத் தாளில் கட்டம் போட்டு வரைந்து பார்த்தால் ரஸ்டுக்கு வேண்டிய அளவு கிடைத்துவிடும். ஆனால் சி மொழியில் ஒரு சிறு நிரலை எழுதி, விடுவித்த நினைவகத்தை வேண்டுமென்றே தொட்டு, அது சில நேரம் சரியாக ஓடுவதையும் சில நேரம் விழுவதையும் ஒரே ஒரு மாலை பார்த்தவர்கள், ரஸ்ட் கம்பைலரிடம் பிறகு அவ்வளவு கோபப்படுவதில்லை. சியில் முதல் பயிற்சியாக வரும் இருவழி இணைப்புப் பட்டியலை மட்டும் ரஸ்டில் முதலில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு கணுவையும் இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்த வடிவம் ஓர் உடைமையாளர் என்ற விதியோடு நேராக மோதுகிறது. ரஸ்டின் அடிப்படை நூலகத்தில் அத்தகைய பட்டியல் ஒன்று உண்டு, அதன் ஆவணமே பெரும்பாலும் வெக்டரைப் பயன்படுத்துங்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது.

வேலை பற்றி நான் சொல்லக்கூடியது என் துறை அளவில் மட்டுமே. பெங்களூரில் கருவிகளுக்குள்ளும் நெட்வொர்க்கிலும் நான் அறிந்த குழுக்களில் பழைய நிரலின் பெரும்பகுதி இன்றும் சி, சி++ தான். புதிதாக எழுதப்படும் சில பகுதிகள் ரஸ்டுக்கு வந்திருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆட்களை எடுக்கும்போது நாங்கள் பார்ப்பது துறை அறிவு. நெட்வொர்க்கோ டிரைவரோ (கருவிகளை இயக்கும் மென்பொருள்) தெரிந்தவருக்கு ரஸ்ட் ஒரு கூடுதல் தகுதி, ரஸ்ட் மட்டும் தெரிந்தவருக்கு நேர்காணல் கிடைப்பதே சிரமம். ஜாவா வேலையை விட்டுவிட்டு இதற்குத் தாவச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இருக்கும் வேலையிலேயே ஒரு சிறு உள்கருவியை ரஸ்டில் எழுத அனுமதி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போதைக்கு வீட்டுக்குள் இருக்கும் அந்த பிளாக் ரெஃபரன்ஸை எடுத்துவிட்டு எண்ணாக மாற்றுங்கள். பிழை எஞ்சினால் கடைசி வரியை மட்டும் ஒட்டாமல் முழுச் செய்தியையும், ஈ என்று தொடங்கும் அதன் எண்ணோடு இங்கே பதிவிடுங்கள். கம்பைலரான ரஸ்ட்சி கட்டளையோடு எக்ஸ்ப்ளெயின் என்று அந்த எண்ணைக் கொடுத்தால் சிறு எடுத்துக்காட்டோடு விளக்கம் வரும், அதை முதலில் ஒரு முறை படித்துவிட்டு வந்தால் எனக்கும் வேலை குறையும்.